தாயிடம் உறங்கியது மகனிடம் விழிப்பது எப்படி? எக்ஸ் நிறமூர்த்தமும் இனப்பெருக்கக் கலங்களும்

"எங்கட ஆக்களில ஒருத்தருக்கும் இந்த வருத்தம் இல்லை டொக்டர். எனக்கும் ஒண்டும் இல்லை. பிறகு இவனுக்கு எப்பிடி வந்தது?"

ஹீமோபீலியா எனப்படும் குருதி உறையாமை நோயோ, டியூசென் தசைச் சிதைவு நோயோ மகனுக்கு இருப்பதாக உறுதிசெய்யப்பட்டதும் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி இதுதான். வைத்தியர் பதிலுக்கு வேறொரு கேள்வி கேட்பார். "உங்கட சகோதரங்கள், அம்மான்மார் ஆருக்காவது இப்பிடி இருந்ததா?" எமது பகுதியில் பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை. சகோதரர்களும் அம்மான்மாரும் போரில் இறந்துவிட்டார்கள், அல்லது காணாமல் ஆக்கப்பட்டுவிட்டார்கள். சிறிய காயத்திலேயே இரத்தம் நிற்காமல் இறந்த ஒருவர் குடும்பத்தில் இருந்திருந்தாலும், இன்றைக்கு அது ஷெல் காயமாகவே நினைவில் தங்கியிருக்கக்கூடும்.

சாட்சி சொல்ல உறவுகள் இல்லாத இடத்தில் கடைசியில் பழி தாயின் மீது வந்து விழுகின்றது. உண்மையில் நடந்தது என்ன என்பதை விளங்கிக்கொள்ள, பெண்ணின் உடலில் உறங்கும் ஒரு நிறமூர்த்தத்தையும், அது மீண்டும் விழிக்கும் ஓர் இடத்தையும் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். அந்த இடம் அவளது சூல்கள்.

ஒன்று போதும், மற்றது உறங்கட்டும்

பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒன்று தாயிடமிருந்தும் மற்றையது தகப்பனிடமிருந்தும் வந்தவை. ஆணிடம் ஓர் எக்ஸும் ஒரு வையும் உண்டு. எக்ஸில் எண்ணூறுக்கு மேற்பட்ட புரதங்களுக்கான பரம்பரையலகுகள் இருக்கின்றன. வை மிகச் சிறியது. அதில் இருப்பவை மிகக் குறைவு. இந்த நிலையில் பெண்ணின் கலத்தில் எக்ஸின் உற்பத்தி ஆணுடையதைப் போல இரண்டு மடங்காக இருக்கவேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை. முலையூட்டிகளின் உடல் இதற்கு எடுத்த வழி, இரண்டில் ஒரு எக்ஸை ஏறக்குறைய முழுமையாக மூடிவிடுவதாகும்.

மூடப்பட்ட அந்த எக்ஸை முதன்முதலில் கண்ணால் கண்டவர்கள் மரே பார், யூவர்ட் பெர்ட்ரம் ஆகிய இருவர். 1949இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் பூனைகளின் நரம்புக் கலங்களை ஆராய்ந்தபோது, பெண் பூனைகளில் மட்டும் ஒரு கரிய புள்ளி இருப்பதை அவர்கள் கவனித்தார்கள். அது இறுகிச் சுருண்ட ஒரு முழு எக்ஸ் நிறமூர்த்தம் என்று 1959இல் சுசுமு ஓனோ காட்டினார். அதன் பொருளை விளக்கியவர் மேரி லயன். அவர் இங்கிலாந்தின் ஹார்வெலில் பணியாற்றினார். அணுகுண்டுகளுக்குப் பிந்திய அந்தக் காலத்தில், கதிர்வீச்சு பரம்பரையை எவ்வளவு கெடுக்கும் என்பதை அறிவதற்காக அங்கே சுண்டெலிகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சில பெண் எலிகளின் தோலில் இரண்டு நிறங்கள் திட்டுத்திட்டாகக் கலந்திருப்பதைக் கவனித்த லயன், 1961இல் வெளியிட்ட சிறிய கட்டுரை ஒன்றில் தனது கருத்தை முன்வைத்தார். முளைய வளர்ச்சியின் தொடக்கத்தில் ஒவ்வொரு கலமும் தன்னிடமுள்ள இரண்டு எக்ஸ்களில் ஒன்றைக் குருட்டுவாக்கில் தெரிந்து மூடிவிடுகின்றது; அந்தக் கலத்தின் வழித்தோன்றல்கள் எல்லாம் அதே தெரிவைத் தொடர்கின்றன. பெண் ஒவ்வொருத்தியும் இரு வகைக் கலங்கள் கலந்த ஒரு கலவை என்பதே இதன் பொருள்.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் போகத் தேவையில்லை. செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த பூனை ஒன்று வீட்டு முற்றத்தில் படுத்திருந்தால் அதுவே போதும். செம்மஞ்சள் நிறத்தைத் தீர்மானிக்கும் இடம் எக்ஸில் இருக்கின்றது. அந்த எக்ஸ் விழித்திருக்கும் இடங்களில் மயிர் செம்மஞ்சள். அது உறங்கும் இடங்களில் கறுப்பு. இவ்வாறான பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டைகள் என்பது ஊரில் பலருக்கும் தெரிந்த விடயந்தான்.

மூடும் வேலையைச் செய்வது புரதம் அல்ல. எக்ஸிஸ்ட் என்ற ஓர் ஆர்.என்.ஏ. 1991இல் இது கண்டறியப்பட்டது. மூடப்படவேண்டிய எக்ஸே இதை உற்பத்தி செய்கின்றது. சுமார் 17,000 எழுத்து நீளமான அந்த இழை, தான் பிறந்த நிறமூர்த்தத்தின் மேலேயே படர்ந்து அதைப் போர்த்துகின்றது. அதன் பின்னால் வரும் புரதங்கள் டி.என்.ஏயைச் சுற்றியுள்ள பொதியில் 'திறக்காதே' என்ற இரசாயனக் குறிகளைப் பதிக்கின்றன. ஒருமுறை பூட்டப்பட்டால், பெண்ணின் தோலிலும் ஈரலிலும் மூளையிலும் அந்த எக்ஸ் அவளது ஆயுள் முழுவதும் பூட்டியபடியே இருக்கும். மனிதரில் ஏழில் ஒரு பங்கு அளவான பரம்பரையலகுகள் இந்தப் பூட்டிலிருந்து தப்பிவிடுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். அதன் முக்கியத்துவம் பின்னால் தெரியும்.

பூட்டு உடையும் இடம்

உடல் முழுவதும் நிலைத்திருக்கும் இந்தப் பூட்டு ஒரேயொரு கலவரிசையில் மட்டும் உடைக்கப்படுகின்றது. அடுத்த தலைமுறையை உருவாக்கப்போகும் கலங்கள் அவை.

இது மிக நன்றாக ஆராயப்பட்டிருப்பது சுண்டெலியில். எலி முளையத்துக்கு ஏழு நாட்களும் சில மணித்தியாலங்களும் ஆகும்போது, சில பத்து எண்ணிக்கையான கலங்கள் ஏனையவற்றிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றன. இவையே ஆதி இனப்பெருக்கக் கலங்கள். அவை பிறக்கும் இடத்தில் சூலகமும் இல்லை, விதையும் இல்லை. உருவாகிக்கொண்டிருக்கும் குடலின் சுவர் வழியாக நகர்ந்து, பத்தாம் பதினோராம் நாளளவில் சூலகம் அமையப்போகும் மேட்டை அவை சென்றடைகின்றன. பயணம் தொடங்கும்போது இந்தக் கலங்களிலும், உடற்கலங்களைப் போலவே, ஓர் எக்ஸ் உறக்கத்தில்தான் இருக்கின்றது. போகும் வழியில் எக்ஸிஸ்ட் படிப்படியாக மங்குகின்றது. பூட்டும் குறிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஒரு பரம்பரையலகு, பின்னர் இன்னொன்று என விழிப்பு மெதுவாகவே பரவுகின்றது. சூலக மேட்டில் குடியேறி, ஒடுக்கற்பிரிவு தொடங்கும் பதின்மூன்றாம் பதினான்காம் நாளளவில் இரண்டு எக்ஸ்களும் பெரும்பாலும் விழித்துவிடுகின்றன. எந்த எக்ஸ் உறங்கியது, எந்த எக்ஸ் விழித்திருந்தது என்ற பழைய கணக்கு அத்துடன் அழிந்துபோகின்றது.

கலத்தை உடைத்து ஆர்.என்.ஏயை எண்ணும் கருவிகள் வருவதற்கு வெகு முன்னரே இது நிறுவப்பட்டுவிட்டது. 1969இல் சார்ல்ஸ் எப்ஸ்ரீன் ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்தார். இரண்டு எக்ஸ் உள்ள எலிகளினதும் ஒரேயொரு எக்ஸ் மட்டுமே உள்ள எலிகளினதும் சூல்களை எடுத்து, எக்ஸில் குறியிடப்பட்ட ஜி6பிடி என்ற நொதியத்தை அளந்தார். முன்னையவற்றில் அது இரண்டு மடங்கு இருந்தது. உடற்கலங்களில் இந்த வேறுபாட்டைக் காணமுடியாது. சூலில் இரண்டு எக்ஸும் வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை. சில ஆண்டுகளில் ஸ்ரான்லி கார்ட்லரின் குழுவினர் அதே நொதியத்தைக் கொண்டு மனிதச் சிசுவின் சூல்களிலும் இதைக் காட்டினர். மலேரியாவுக்கு பிறிமாக்குயின் கொடுக்க முன்னர் சிலரில் பரிசோதிக்கப்படும் அதே நொதியந்தான் இது.

மனிதரில் கதை முற்றிலும் ஒன்றல்ல. பெண் சிசுவின் ஆதி இனப்பெருக்கக் கலங்களில் இரண்டு எக்ஸும் விழித்திருந்தாலும், எக்ஸிஸ்ட் தொடர்ந்து உற்பத்தியாகின்றது. இரண்டு எக்ஸ்களும் தமது உற்பத்தியைத் தணித்துக்கொள்கின்றன. 2020இல் வெளியான கலிபோர்னிய ஆய்வு ஒன்று இதை எடுத்துக்காட்டியது. ஒன்றை முழுதாக அணைப்பதற்குப் பதில் இரண்டையும் மங்கலாக எரியவிடுவது போன்ற ஏற்பாடு இது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துபவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்கவேண்டும்.

இவை எல்லாம் நடப்பது அந்தப் பெண் பிறப்பதற்கு முன்னர். கருவில் ஐந்தாம் மாதமளவில் பெண் சிசுவின் சூலகங்களில் அறுபது, எழுபது இலட்சம் இனப்பெருக்கக் கலங்கள் இருக்கும். பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சமே எஞ்சும். புதிதாக உருவாவதில்லை. இன்று பிள்ளை பெறும் ஒரு தாயின் சூல், அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே எக்ஸின் பூட்டை உடைத்துவிட்டுக் காத்திருந்த ஒன்று. இடம்பெயர்வில், பதுங்குகுழியில், முகாமில் அவளைச் சுமந்த தாயை நினைத்தால் இந்தத் தகவல் எம்மில் சிலருக்கு வேறு விதமாகவும் படும்.

பூட்டை உடைப்பது இனப்பெருக்கக் கலங்களுக்கே உரிய திறமை என்பதைத் தற்செயலாகக் காட்டிய ஒரு பூனையும் உண்டு. 2001 டிசம்பரில் ரெக்சாஸில் ஒரு மூன்று நிறப் பூனையின் உடற்கலத்திலிருந்து குளோனிங் முறையில் 'சீசீ' என்ற குட்டி உருவாக்கப்பட்டது. டி.என்.ஏ ஒன்றுதான். ஆனால் குட்டியில் செம்மஞ்சள் நிறமே இல்லை. எடுக்கப்பட்ட உடற்கலத்தில் செம்மஞ்சளுக்கான எக்ஸ் உறங்கிக்கொண்டிருந்தது. குளோனிங்கில் அது சரியாக விழிக்கவில்லை என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். இயற்கையான சூல் வழியாக வந்திருந்தால் அந்த உறக்கம் கலைந்திருக்கும்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்குத் திரும்பலாம். அவளது இரண்டு எக்ஸ்களில் ஒன்றில் குருதியுறைதற் காரணிக்கான பரம்பரையலகு பழுதடைந்திருக்கின்றது. அவளது ஈரலில் சுமார் அரைவாசிக் கலங்களில் நல்ல எக்ஸ் விழித்திருப்பதால், வேண்டிய காரணி ஓரளவு உற்பத்தியாகின்றது. அவள் நலமாகவே இருக்கின்றாள். பழுதான எக்ஸ் உறங்கும் கலங்களே அவளைக் காப்பாற்றுகின்றன. ஆனால் அந்தக் காப்பு அவளது உடலுக்கு மட்டுமே. சூலில் உறக்கம் கலைக்கப்பட்டு, இரண்டு எக்ஸ்களும் சமமான நிலையில் வைக்கப்பட்டு, பின்னர் ஏதோ ஒன்று சூலுடன் போகின்றது. எது போகும் என்பது நாணயச் சுண்டல். பழுதானது மகனுக்குப் போனால், அவனுக்கு மாற்றாக இன்னொரு எக்ஸ் இல்லை. அவள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ, கர்ப்ப காலத்தில் பட்ட துன்பத்தாலோ இது நேர்வதில்லை.

இதிலிருந்து நடைமுறையில் முக்கியமான ஒன்று தெரிகின்றது. காவியாக இருக்கும் பெண்ணின் குருதியில் காரணியின் அளவை மட்டும் பார்த்து "உமக்கு இல்லை" என்று முடிவுகட்ட முடியாது. எந்த எக்ஸ் எத்தனை கலங்களில் மூடப்பட்டது என்பதைப் பொறுத்து அந்த அளவு சாதாரணமாகவும் இருக்கலாம். மிகக் குறைந்து, மாதவிடாயிலும் பிரசவத்திலும் அதிக இரத்தப்போக்கை ஏற்படுத்தவும் கூடும். பரம்பரையலகைப் பரிசோதிப்பதே உறுதியான வழி. அம்மான்மார் உயிரோடு இல்லாத குடும்பத்தில் இது இன்னும் முக்கியமாகின்றது. மறுபுறம், ஹீமோபீலியா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. புதிதாகவே ஒரு பழுது தோன்றியிருக்கும்.

ஏன் இந்தச் சிரமம்?

ஒரு எக்ஸ் போதுமென்றால் சூலில் மட்டும் ஏன் இரண்டையும் எழுப்ப வேண்டும்? டர்னர் நோய்க்குறி இதற்கு ஒரு பதிலைத் தருகின்றது. 2000 முதல் 2500 வரையான பெண் குழந்தைகளில் ஒருவர் ஒரேயொரு முழுமையான எக்ஸுடன் பிறக்கின்றார். 1959இல் இதைக் கண்டறிந்த சார்ல்ஸ் ஃபோர்டும் ஹார்வெலில் இருந்தவர்தான். உடற்கலங்கள் ஒரு எக்ஸுடன் பெரும்பாலும் சமாளித்துக்கொள்கின்றன. ஆயினும் பூட்டிலிருந்து தப்பும் பரம்பரையலகுகள் என்று மேலே குறிப்பிட்டவற்றின் இரண்டாம் பிரதி இல்லாததால், உயரக் குறைவு போன்ற சில குறைபாடுகள் வருகின்றன. சூல்கள்தான் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. கருவிலேயே அவை உருவாகத் தொடங்கினாலும், பெரும்பாலானவர்களில் பருவமடைவதற்கு முன்னரே அழிந்துவிடுகின்றன. ஒடுக்கற்பிரிவில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் சோடியைத் தேடிச் சேரவேண்டும். ஒற்றை எக்ஸுக்குச் சோடி இல்லை.

எழுப்புவது மட்டுமல்ல, எழுப்பும் வேகமும் முக்கியம் என்று 2022இல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் செய்யப்பட்ட ஆய்வொன்று காட்டியது. ஆய்வுகூடத்தில் எலியின் குருத்துக் கலங்களிலிருந்து உருவாக்கிய இனப்பெருக்கக் கலங்களில், எக்ஸை ஒருபோதும் மூடாதவையும் மிக விரைவாகத் திறந்துவிட்டவையும் ஒடுக்கற்பிரிவுக்குள் ஒழுங்காக நுழையவில்லை. முதலில் மூடி, பின்னர் மெதுவாகத் திறந்தவையே தேறின.

ஆணில் நடப்பது நேர் எதிர்

ஆணிடம் இருப்பது ஒரேயொரு எக்ஸ். உடலில் எங்கும் அது விழித்தே இருக்கின்றது. ஆனால் விதையில், விந்தாக மாறப்போகும் கலம் ஒடுக்கற்பிரிவுக்குள் நுழையும்போது, அந்த ஒற்றை எக்ஸும் அதனுடன் வையும் சேர்த்து மூடப்படுகின்றன. சூலில் உறக்கம் கலைகின்றது. விந்துக் கலத்தில் உறக்கம் திணிக்கப்படுகின்றது.

இங்கே எக்ஸிஸ்டுக்கு வேலை இல்லை. அதை நீக்கிய எலிகளிலும் இந்த மூடல் ஒழுங்காக நடக்கின்றது. வேலை செய்வது வேறொரு பொறிமுறை, டி.என்.ஏ உடையும்போது அபாயச் சங்கு ஊதும் அதே பொறிமுறை. ஒடுக்கற்பிரிவின்போது ஏனைய 22 சோடி நிறமூர்த்தங்களும் முழு நீளத்துக்கும் தம் சோடியுடன் ஒட்டிக்கொள்கின்றன. எக்ஸும் வையும் நுனிகளில் மாத்திரம் ஒட்டிக்கொள்ள, மீதி நீளம் துணையின்றி நிற்கின்றது. துணையற்ற அந்தப் பகுதியைக் கலம் ஓர் உடைவைப் போலவே நடத்துகின்றது. பி.ஆர்.சி.ஏ1 புரதம் முதலில் அங்கே கூடுகின்றது. மார்பகப் புற்றுநோய் தொடர்பாக நாம் கேள்விப்படும் அதே பி.ஆர்.சி.ஏ1தான். அது ஏ.ரி.ஆர் என்ற நொதியத்தை அழைத்துவர, எச்2ஏஎக்ஸ் என்ற பொதிப் புரதத்தில் பொஸ்பேற்றுக் குறி பதிக்கப்படுகின்றது. அந்தக் குறி நிறமூர்த்தம் முழுவதும் பரவ, எக்ஸும் வையும் கலக்கருவின் ஓரத்தில் ஒரு சிறு பொட்டலமாகச் சுருள்கின்றன. ஜேம்ஸ் டர்னர், போல் பர்கோயின் ஆகியோர் லண்டனில் செய்த ஆய்வுகள் இந்தப் படிமுறையைத் தெளிவாக்குவதில் பெரும் பங்காற்றின. மேலே சொன்ன நோய்க்குறிக்குப் பெயர் தந்தவர் வேறு டர்னர். எச்2ஏஎக்ஸ் இல்லாத ஆண் எலிகள் மலடாகின்றன. பெண் எலிகளால் குட்டி போட முடிகின்றது.

மூடல் தவறினால் என்ன? வையில் உள்ள இரண்டு பரம்பரையலகுகள் அடங்க மறுத்துத் தொடர்ந்து வேலை செய்தாலே போதும், எலியின் விந்துத் தாய்க்கலம் அந்தக் கட்டத்திலேயே இறந்துவிடும் என்று 2010இல் காட்டப்பட்டது. மனிதரில் எக்ஸின் ஒரு துண்டு வேறு நிறமூர்த்தத்துடன் இடம்மாறி ஒட்டியிருந்தால், பெண்கள் பலர் பிள்ளை பெறுகின்றார்கள். ஆண்களிலோ விந்து உற்பத்தி பெரும்பாலும் இடையிலேயே நின்றுவிடுகின்றது.

எக்ஸை மூடிவிட்டால் அதில் இருக்கும் அவசியமான வேலைகளை யார் செய்வது? வெல்லத்தை உடைத்துச் சக்தி பெற வேண்டிய பி.ஜி.கே1 நொதியம் எக்ஸில்தான் இருக்கின்றது. இதற்கு இயற்கை முன்கூட்டியே ஒரு ஜெனரேற்றர் வாங்கி வைத்திருக்கின்றது. அதன் பிரதியான பி.ஜி.கே2, மனிதரில் 6ஆம் நிறமூர்த்தத்தில் அமர்ந்திருக்கின்றது. எக்ஸில் மின்வெட்டு வரும்போது விதையில் மட்டும் அது இயங்கத் தொடங்கும்.

ஆணிடம் கூடுதலாக ஓர் எக்ஸ் இருந்தால் என்ன என்பதற்கு விடை கிளைன்பெல்டர் நோய்க்குறி. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவர் எக்ஸ்-எக்ஸ்-வை அமைப்புடன் பிறக்கின்றார். உடற்கலங்களில் மேலதிக எக்ஸ் பெண்ணில் போலவே மூடப்பட்டுவிடுவதால் வெளியே பெரிதாக எதுவும் தெரியாமல் இருக்கலாம். இனப்பெருக்கக் கலங்களிலோ, சிசு ஆணாக இருந்தாலும், அந்த எக்ஸ் விழித்துவிடுகின்றது. எலிகளில் 1999இல் இது காட்டப்பட்டது. இரண்டு விழித்த எக்ஸ்களுடன் விதையில் அந்தக் கலங்கள் நிலைப்பதில்லை, பெரும்பாலானவை அழிகின்றன. செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த அபூர்வமான கடுவன் பூனைகள் பெரும்பாலும் மலடாக இருப்பதும் இதனால்தான்.

இதை நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். பிள்ளை இல்லாத வீடுகளில் பரிசோதனைக்கும் நேர்த்திக்கும் அலைக்கழிக்கப்படுவது பெண். பிள்ளைப்பேறின்மையில் ஏறத்தாழ அரைவாசியில் ஆணின் பங்கும் இருக்கின்றது. விந்தே வெளிப்படாத ஆண்களில் பத்தில் ஒருவர் அளவில் கிளைன்பெல்டர் அமைப்புடையவர்கள். அவர்களுள் பலர் திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்தே அதை அறிகின்றார்கள். ஆண்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு விந்துப் பரிசோதனையும், தேவைப்பட்டால் குருதியிலிருந்து செய்யப்படும் நிறமூர்த்தப் பரிசோதனையும் இதைக் காட்டிவிடும். விதையிலிருந்து நுண்சத்திரசிகிச்சை மூலம் தேடும்போது ஏறத்தாழ அரைவாசிப் பேரில் சில விந்துகளாவது கிடைக்கின்றன. பெண்ணை ஐந்து வருடம் அலைய விட்ட பின்னர் ஆணைப் பரிசோதிப்பதைவிட, முதல் மாதத்திலேயே இருவரும் போவது செலவிலும் குறைவு.

விந்தில் திணிக்கப்படும் உறக்கமும் நிரந்தரமானது அல்ல. ஹீமோபீலியா உள்ள ஓர் ஆண் திருமணம் செய்தால், மகன்மாருக்கு அவரிடமிருந்து போவது வை, நோய் போகாது. மகள்மார் ஒவ்வொருவருக்கும் போவது அவரது அதே பழுதான எக்ஸ். விதையில் மூடிக் கிடந்த அது மகளின் முளையத்தில் திறந்து, பின்னர் சில கலங்களில் உறங்கியும் சில கலங்களில் விழித்தும் அவளோடு வளரும். அவள் நோயாளியாகத் தெரியமாட்டாள். ஆனாலும் தகப்பனின் வருத்தம் என்னவென்று அவளுக்கும், அவளைத் திருமணம் செய்பவருக்கும், முதற் பிரசவத்துக்குப் போகும் வைத்தியசாலைக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.